மூன்று இருள்களுக்குள் ஒரு முகம்

 



மந்தாரக்குப்பத்துப் பள்ளிவாசலில் ஒரு நாள் இஷா தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்து சென்றார்கள். ஒருவர் மட்டும் தூணோரம் நின்று கொண்டிருந்தார். சுரங்கத்தில் காண்டிராக்ட் வேலை பார்ப்பவர். இரவு ஷிப்டுக்குப் புறப்பட்ட கோலம், கையில் ஹெல்மெட். எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து அருகில் வந்தார்.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க பாய். கோவிக்க என்ன இருக்கு?"

"வீட்ல முழுகாம இருக்காங்க. இது மூணாவது. முதல் ரெண்டும் பொண்ணு. பணம் குடுத்தா மெஷின் வச்சுப் பார்த்து, என்ன புள்ளைன்னு சொல்லிடற ஆள் ஒருத்தர் இருக்காராம். போய்ப் பார்த்தா அது ஹராமா ஹஜ்ரத்?"

"சட்டத்துலயும் கூடாது, ஷரீஅத்துலயும் கூடாது பாய்."

அவர் விடவில்லை. தம் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். அவருடைய மச்சான் வீட்டில் எடுத்த திரீடி ஸ்கேன் படம். செம்மண் நிறத்தில் கண் மூடிய ஒரு சின்னஞ்சிறு முகம். கன்னத்தில் ஒரு கை.

"இந்த மூஞ்சியப் பார்க்கலாம், மூக்கப் பார்க்கலாம். அதெல்லாம் கூடும். ஆணா பொண்ணான்னு பார்க்கறது மட்டும் எப்படிக் கூடாமப் போகும்? எல்லாம் ஒரே மெஷின் தானே?"

"சரி. பார்த்துத் தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டோம்.

அவர் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த மௌனம் நம்மை அன்றிரவு உறங்க விடவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. "கூடாது" என்ற ஒற்றைச் சொல்லால் அவரை அனுப்பி வைத்தது நம் குறை. அந்தக் குறையைத் தீர்க்கவே இதனை எழுதுகிறோம்.

பாய்லரிலிருந்து வந்த கருவி

முதலில் இந்தக் கருவி யாது என்று பார்ப்போம். நெய்வேலியில் வாழும் நமக்கு இது முற்றிலும் அந்நியமானதன்று. அனல் மின் நிலையத்தில் வேலை செய்வோரைக் கேளுங்கள். பாய்லர் குழாயின் வெல்டிங்கில் உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று அறிய, குழாயை வெட்டிப் பார்ப்பதில்லை. கையடக்கமான ஒரு கருவியை அதன் மேல் வைத்து ஒலியை உள்ளே அனுப்புகிறார்கள். குறை உள்ள இடத்தில் ஒலி மோதித் திரும்புகிறது. திரும்பிய எதிரொலியைக் கொண்டு குறையின் இடத்தை அறிகிறார்கள். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனும் இதே தத்துவந்தான்.

இது வெறும் உவமையன்று, வரலாறே அதுதான். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரின் மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் அயன் டொனால்டு என்பவர், 1955-ஆம் ஆண்டில், அறுவை செய்தெடுத்த கட்டிகளை எடுத்துக் கொண்டு பாப்காக் அண்டு வில்காக்ஸ் என்னும் பாய்லர் தொழிற்சாலைக்குச் சென்றார். உலோகத்தின் குறை காணும் கருவியை அவற்றின் மீது வைத்துப் பார்த்தார். நீர் நிறைந்த கட்டியும், சதைக் கட்டியும் வெவ்வேறாக எதிரொலித்தன. 1958-இல் அவரும் அவருடைய கூட்டாளிகளான ஜான் மெக்விகார், டாம் பிரவுன் ஆகியோரும் தம் ஆய்வை 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள்.

அந்த ஆரம்ப நாட்களில் நிகழ்ந்த ஒன்றை இங்கே கவனியுங்கள். குணப்படுத்த முடியாத புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் இக்கருவியை வைத்துப் பார்த்தார்கள். அது புற்றுநோயன்று, கருப்பையை அடுத்த சூலகத்தில் உண்டான நீர்க்கட்டி என்று தெரிந்தது. கட்டியை அகற்றினார்கள், அந்தப் பெண் பிழைத்தாள். ஆம், இந்தக் கருவி மருத்துவத்துக்கு வந்ததும் செய்த பெரும் சேவைகளில் ஒன்று, ஒரு பெண்ணின் உயிரைக் காத்ததுதான்! இதனை மறந்துவிடாதீர்கள், பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

மனிதச் செவி விநாடிக்கு 20,000 அதிர்வு வரையில்தான் கேட்கும். ஸ்கேனில் பயன்படும் ஒலியோ விநாடிக்கு 20 இலட்சம் அதிர்வுக்கும் மேற்பட்டது. அது நம் உடலின் மென்மையான தசைகளில் விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. எக்ஸ்ரே போன்ற கதிர் இதில் இல்லை. சாதாரண ஸ்கேனில் நாம் காண்பது ஒரு துண்டு. ரொட்டியிலிருந்து வெட்டியெடுத்த ஒரு சீவல் போல. ஜப்பானில் டோக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கசுனோரி பாபா என்பவர், இத்தகைய பல சீவல்களைக் கம்ப்யூட்டரால் ஒன்றுசேர்த்து முழு உருவமாக்க முயன்று, 1986-இல் கருவிலிருந்த சிசுவின் முப்பரிமாண உருவத்தைப் பெற்றார். 1989-இல் ஆஸ்திரியாவின் கிரெட்ஸ்டெக்னிக் நிறுவனம் இதற்கான கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இன்று அது நம் சிற்றூர்களின் பக்கம் வரை வந்து சேர்ந்துவிட்டது.

முகம், உதடு, முதுகெலும்பு, கை கால்கள் ஆகியவற்றின் குறைகளை ஐயமறத் தெளிவதற்கு இந்தத் திரீடி ஸ்கேன் துணை செய்கிறது. ஆனாலும் அது புகைப்படமன்று. எதிரொலிகளைக் கொண்டு கம்ப்யூட்டர் கட்டியெழுப்பிய உருவம். சிசுவின் முகத்துக்கு முன்னால் பனிக்குட நீர் போதுமான அளவு இருந்தால்தான் முகம் தெளியும். கையோ கொடியோ குறுக்கே வந்தால், இல்லாத பள்ளம் இருப்பது போலத் தெரியலாம். இருக்கும் குறை மறைந்தும் போகலாம். ஆதலால் தேர்ந்த மருத்துவர்கள் சாதாரண ஸ்கேனைத்தான் அடிப்படையாகக் கொள்கிறார்கள். திரீடியை அதற்குத் துணையாக வைக்கிறார்கள்.

இது மறைவானதை அறிவதாகுமா?

"கருவறைகளில் உள்ளதை அல்லாஹ் அறிகிறான் என்று திருமறை கூறுகிறதே! இப்போது டாக்டரும் அறிந்துவிடுகிறாரே!" என்று சிலர் தடுமாறுகிறார்கள். லுக்மான் அத்தியாயத்தின் இறுதி வசனமாகிய 34-ஆம் வசனத்தைக் குறித்த ஐயம் இது.

சகோதரர்களே! வல்ல நாயனின் அறிவு கருவி கொண்டு பெற்ற அறிவன்று. நீர்த்துளியாக இருக்கும்போதே, அதற்கும் முன்பே, அவன் அறிகிறான். அவன் அறிவது ஆணா பெண்ணா என்பதை மட்டுமா? அந்தச் சிசுவின் ரிஸ்க் எவ்வளவு, ஆயுள் எவ்வளவு, அது நற்பேறு பெற்றதா, துர்ப்பாக்கியமானதா என்பதையெல்லாம் அறிகிறான். எந்த ஸ்கேன் அதைக் காட்டும்? சிசுவுக்குப் பொறுப்பான வானவர், ஆணா பெண்ணா என்று இறைவனிடம் கேட்டு அறிந்து எழுதுகிறார் என ஹதீஸ் ஷரீஃபிலேயே வந்திருக்கிறது. இறைவன் அறிவித்துக் கொடுத்ததைப் படைப்பு அறிவது மறைவானதைத் தானே அறிவதாகாது. அவன் படைத்த ஒலிக்கு அவனே வைத்த விதியின்படி எதிரொலிக்கும் ஆற்றலைத் தந்தான். மனிதனுக்கு அதனைக் கண்டறியும் அறிவையும் தந்தான். ஆகவே இதனால் ஈமானுக்குக் குறையொன்றுமில்லை.

ஸுமர் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம், நம் அன்னையரின் வயிற்றில் மூன்று இருள்களுக்குள் நம்மைப் படிப்படியாகப் படைப்பதை எடுத்துரைக்கிறது. வயிறு, கருப்பை, சிசுவைச் சூழ்ந்த சவ்வு என்று விரிவுரையாளர்கள் விளக்கம் தந்திருக்கிறார்கள். அந்த மூன்று இருளையும் தாண்டி ஒரு முகத்தைக் காணும் பாக்கியம் நம் காலத்தவர்க்குக் கிடைத்திருக்கிறது. பார்ப்பதனால் குற்றமில்லை. எதற்காகப் பார்க்கிறோம், பார்த்தபின் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. ஏனெனில் பார்வையும் ஓர் அமானத். செவி, பார்வை, உள்ளம் ஆகிய ஒவ்வொன்றும் விசாரிக்கப்படும் என்று பனூ இஸ்ராயீல் அத்தியாயம் 36-ஆம் வசனம் எச்சரிக்கவில்லையா?

நம் இல்லத்தில் நடந்தது

இதனைப் பிறருக்குச் சொல்லும் தகுதி நமக்குண்டா என்று நம்மையே நாம் கேட்டுக் கொள்கிறோம். அதனால் நம் இல்லத்தில் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் துணைவியார் இரண்டாவது குழந்தையைச் சுமந்திருந்த நேரம். முதல் குழந்தை பெண். ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு உடன் சென்றோம். பெண் மருத்துவர் பார்த்தார். அவர் திரையைப் பார்க்க, நாம் அவருடைய முகத்தைப் பார்த்துக் கொண்டிருந்தோம். எதற்காக? வாய் திறந்து கேட்கவில்லை. கேட்பது குற்றம் என்று அறிவோம். ஆனால் அவருடைய முகக்குறியிலிருந்து, ஒரு புன்னகையிலிருந்து, ஆண் குழந்தை என்று தெரிந்துவிடாதா என்று மனம் அலைந்தது. மிம்பரில் நின்று பெண் மக்களின் சிறப்பைப் பேசியவர்தாம் நாம்! அல்லாஹ் மன்னிப்பானாக.

மருத்துவர் ஓர் இடத்தில் வெகுநேரம் நிறுத்திப் பார்த்தார். பிறகு கருவியைத் திரீடிக்கு மாற்றினார். முகம் தெரிந்தது. மேலுதடு இடப்பக்கத்தில் பிளந்திருந்தது.

"பயப்படாதீங்க. உதடு மட்டும்தான் தெரியுது. மேலண்ணம் பிறந்த பிறகுதான் உறுதியாத் தெரியும். பிறந்து சில மாசத்துல ஆபரேஷன் பண்ணிச் சரி பண்ணிடலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு பேச்சு. நம் பெரியம்மா, "கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தாளா? அரிவாமணையத் தொட்டாளா?" என்று துணைவியாரைத் துருவத் தொடங்கினார். அந்த அப்பாவிப் பெண் அழுது கொண்டே நாள் கணக்குப் பார்த்தாள். நமக்குப் பொறுக்கவில்லை. நாயகம் (ஸல்) அவர்களின் மகனார் இப்ராஹீம் (ரலி) மறைந்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. மகனாரின் மரணத்தால்தான் கிரகணம் என்று மக்கள் பேசினார்கள். அருமை நாயகம் அவர்கள், சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், யாருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணமாவதில்லை என்று அந்தத் துயரத்திலும் திருத்தினார்கள். ஓர் இறப்புக்கும் கிரகணத்துக்கும் தொடர்பில்லை என்றால், ஓர் உதட்டுக்கும் அரிவாள்மணைக்கும் மட்டும் எங்கிருந்து வந்தது தொடர்பு? கரு உண்டாகி ஏழு வாரத்துக்குள் மேலுதடு கூடிவிட வேண்டும். சில சிசுக்களில் அது கூடுவதில்லை. பரம்பரையும் வேறு பலவும் அதற்குக் காரணமாகலாம். தாய் காய் நறுக்கியது காரணமாகாது.

இன்னோர் உறவினர் நம்மைத் தனியே அழைத்துப் போய், "பொண்ணா இருந்து, இந்த உதட்டோட பிறந்தா என்ன ஆகும்? இப்பவே கலைச்சிட்டா யாருக்கும் தெரியாது" என்றார்.

பிறர் கேட்டால் உடனே கிதாபைப் புரட்டிச் சொல்லும் நமக்கு அன்று நாக்கு எழவில்லை. நமக்கு ஓதிக் கொடுத்த உஸ்தாதுக்குப் போன் செய்தோம். அவர்கள் முழுதும் கேட்டுவிட்டு, "டாக்டர் எத்தனை வாரம்ன்னு சொன்னார்?" என்றார்கள்.

"இருபது வாரம் ஹஜ்ரத்."

"அது கடைசித் தீட்டிலிருந்து எண்ணுற கணக்கு. கரு உண்டானது அதற்கு ரெண்டு வாரம் கழிச்சு. அப்போ பதினெட்டு வாரம்; 126 நாள். 120 நாளில் ரூஹ் ஊதப்படுதுன்னு நீங்க ஓதலையா? இப்போ அது ஒரு முழு ஆள். உதடு பிளந்த ஆளைக் கொல்லலாம்ன்னு எந்தக் கிதாபில் இருக்கு?" என்றார்கள். சற்று நேரம் கழித்து, "120 நாள் ஆகாட்டாலும், உதடு ஒரு உஸ்ரு ஆகாது மகனே. தையல் போட்டா தீர்ற குறைக்கு உயிரைக் கேக்கறதா?" என்றார்கள்.

அதற்குப் பிறகு நமக்கும் துணைவியாருக்கும் கிடைத்த நான்கு மாதங்கள் அல்லாஹ்வின் பெரும் அருள். அறுவை செய்வோரிடம் முன்கூட்டியே சென்று பேசினோம். அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த பிற குழந்தைகளின் படங்களைத் துணைவியார் பார்த்தார். குழந்தையை நிமிர்த்திப் பிடித்துப் பால் புகட்டும் முறையைக் கற்றுக் கொண்டார். குழந்தை பிறந்தபோது அந்த முகம் எங்களுக்குப் புதியதன்று. நாங்கள் காத்திருந்த முகம். அந்தப் படத்தின் பயன் அதுதான். முன்கூட்டி அறியாமல் பிரசவ அறையில் திடீரெனக் கண்டிருந்தால் தாயின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்!

பிறந்தது பெண் குழந்தை. மேலண்ணம் சரியாகவே இருந்தது. நான்காம் மாதத்தில் உதட்டைத் தைத்தார்கள். இப்போது நான்கு வயது, மக்தபுக்கு வருகிறாள். அரபி எழுத்துக்களில் 'பா'வும் 'மீமும்' இரண்டு உதடுகளும் சேர்ந்தால் பிறப்பவை. முதல் நாள் பாடத்தில் எதிரே உட்கார்ந்து "பிஸ்மில்லாஹ்" என்றாள். மெல்லிய தழும்புள்ள அந்த மேலுதடு கீழுதட்டில் வந்து பொருந்தியதைப் பார்த்தோம். மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் அழக்கூடாது என்று கிதாபால் முகத்தை மறைத்துக் கொண்டோம்.

அந்த இன்னொரு பார்வை

இப்போது சுரங்கத் தொழிலாளிச் சகோதரரின் கேள்விக்கு வருவோம். முகத்தைப் பார்க்கலாம், இதைப் பார்க்கக் கூடாதா?

உதட்டைப் பார்த்தது தைப்பதற்காக. இதயத்தைப் பார்ப்பது, பிரசவத்தை வசதியுள்ள மருத்துவமனையில் வைத்துக் கொள்வதற்காக. முதுகெலும்பைப் பார்ப்பது, பிறந்ததும் செய்ய வேண்டிய மருத்துவத்துக்கு ஆயத்தமாவதற்காக. நோய்க்கு மருந்தையும் இறக்கியவனல்லவா இறைவன்! ஆனால் பெண் என்பது நோயா? அதற்கு எந்த மருத்துவம் காத்திருக்கிறது? பணம் கொடுத்து, மறைவாகச் சென்று, பெண் என்று அறிந்தவர் செய்யக்கூடியது என்ன? நாம் கேட்டபோது அந்தச் சகோதரர் ஹெல்மெட்டைத் திருப்பிக் கொண்டிருந்தாரே, அந்த மௌனத்துக்குள் இருப்பதுதான் அது.

நாம் வாழும் கடலூர் மாவட்டத்தின் கணக்கைக் கேளுங்கள். 2001 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்கு 957 பெண் குழந்தைகள் இருந்தார்கள். இயற்கையாகவே ஆண் பிறப்புச் சற்றுக் கூடுதல் என்பதால் 950 அளவில் இருப்பது இயல்புதான். 2011-இல் அது 896 ஆகச் சரிந்தது. தமிழகத்தின் சராசரி 943. மாவட்டங்களிலெல்லாம் கடைசியில் நின்றது நம் கடலூர்! பெண் சிசுக் கொலைக்காக 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை, 2011-இல் நம் மாவட்டத்துக்கும் கொண்டு வர வேண்டியதாயிற்று. கருவிலோ, பிறந்த பின்னோ, கவனிப்பின்றியோ மறைந்து போன அந்தப் பெண் மக்கள் எந்தச் சமயத்தார் வீட்டுப் பிள்ளைகள் என்று அந்தக் கணக்கு பிரித்துச் சொல்லவில்லை. "எங்களவர் செய்ய மாட்டார்கள்" என்று நாம் கைகழுவிவிட முடியாது. கேள்வி கேட்டவர் நம் பள்ளிவாசல் தூணோரந்தானே நின்றார்!

ஒரு பெண்ணின் உயிரைக் காத்துப் பெயர் பெற்ற கருவி, பெண்ணைத் தேடிப் பிடித்துக் களையும் கருவியாக ஆனதைப் பார்த்தீர்களா? கருவியின் குற்றமா அது? பிடித்த கையின் குற்றம்.

நாட்டுச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1994-இல் இயற்றி, 1996 முதல் நடைமுறைக்கு வந்து, 2003-இல் மேலும் இறுக்கப்பட்ட சட்டத்தின்படி, சிசு ஆணா பெண்ணா என்பதைச் சொல்லாலோ, சைகையாலோ, வேறு எவ்விதத்திலோ தெரிவிப்பது குற்றம். தெரிந்து சொல்லும்படி நாடிச் செல்வோருக்கும் மூன்றாண்டு வரை சிறையும், ரூ.50,000 வரை அபராதமும் உண்டு. இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது: கர்ப்பிணிப் பெண் சென்றிருந்தால், கணவரோ உறவினரோ வற்புறுத்தியே அவளை அனுப்பினார்கள் என்று சட்டம் முதலில் கருதிக் கொள்கிறது. நம் வீடுகளின் நிலை அறிந்து எழுதிய சட்டம்!

ஷரீஅத்தின் நிலை அதனினும் கடுமை. உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தையிடம், எந்தப் பாவத்துக்காகக் கொல்லப்பட்டாய் என்று மறுமையில் கேட்கப்படும் என்கின்றன தக்வீர் அத்தியாயத்தின் 8, 9 வசனங்கள். கொன்றவனிடம் முகம் கொடுத்துக் கேளாமல், கொல்லப்பட்டவளையே சாட்சி சொல்ல அழைக்கும் விசாரணை அது! அன்று அரபி பாலைவனத்தில் குழி தோண்டினான். பிறந்த பின் முகம் பார்த்துப் புதைத்தான். இன்று முகம் காண்பதற்கும் முன்பே முடித்துவிடுகிறார்கள். எந்த ஜாஹிலிய்யத் பெரிது?

பெண் என்பதற்காகக் கருவைக் கலைப்பது 120 நாளுக்கு முன்னும் ஆகாது, பின்னும் ஆகாது. 120 நாளுக்குப் பின் தாயின் உயிருக்கு ஆபத்து என்ற நிலை தவிர எதற்காகவும் ஆகாது. மருத்துவத்தால் தீராத கடும் குறை என்று நம்பிக்கையான நிபுணர் குழு உறுதி செய்தால், 120 நாளுக்கு முன் பெற்றோர் விருப்பத்தின் பேரில் அனுமதி உண்டு என்று மக்காவின் ராபிதா ஃபிக்ஹ் பேரவை 1990-இல் முடிவு செய்தது. அத்தகைய சோதனைக்கு ஆளானவர்கள் தாமாக முடிவெடுக்காமல், மருத்துவரையும் தேர்ந்த ஆலிமையும் ஒருங்கே அணுகட்டும். நாட்டின் 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டு, சில நிலைகளில் 24 வாரம் வரையிலும், கடும் குறை என்று மருத்துவக் குழு கண்டால் அதற்கு மேலும் இடமளிக்கிறது. சட்டம் இடமளித்ததெல்லாம் ஷரீஅத்தில் ஆகுமானதாகிவிடாது என்பதை மறவாதீர்கள்.

இம்ரானின் மனைவி எண்ணியது

ஆண் குழந்தை வேண்டும் என்று ஆசைப்படுவதே பாவமா? இல்லை. நபிமார்களும் துஆச் செய்திருக்கிறார்கள். இம்ரானின் மனைவியார் தம் வயிற்றில் இருப்பதை இறைவனுக்கே நேர்ந்து விட்டார்கள். இறையில்லத்தில் பணி செய்ய ஆண் மகன் பிறப்பான் என்பது அவர்களின் எண்ணம். பிறந்ததோ பெண். "பெண்ணாகப் பெற்றுவிட்டேனே!" என்ற அவர்களின் தவிப்பையும், ஈன்றெடுத்தது என்னவென்று அல்லாஹ் நன்கறிந்திருந்ததையும் ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 36-ஆம் வசனம் எடுத்துச் சொல்கிறது. அந்தப் பெண் யார்? மர்யம் (அலை) அவர்கள்! ஈஸா நபி (அலை) அவர்களைப் பெற்றெடுத்த அன்னை! அன்றைக்கு அந்தத் தாயாரிடம் ஒரு ஸ்கேன் இருந்திருந்தால் அது "பெண்" என்று மட்டுந்தான் சொல்லியிருக்கும். "மர்யம்" என்று சொல்லியிருக்குமா?

நம் அருமை நாயகம் (ஸல்) அவர்களின் ஆண் மக்கள் சிறுவயதிலேயே மறைந்தார்கள். அவர்களின் வம்சம் இன்றளவும் தழைப்பது மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்களின் வழியாகத்தானே!

ஒரு நாள் ஓர் ஏழைப் பெண் தன் இரு பெண் மக்களுடன் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வாசலுக்கு வந்தாள். அன்னையிடம் ஒரே ஒரு பேரீச்சம்பழந்தான் இருந்தது. அதைக் கொடுத்தார்கள். அவள் அதைப் பிளந்து இரு பெண்களுக்கும் கொடுத்துவிட்டுத் தான் உண்ணாமல் சென்றாள். இதனைக் கேட்ட நாயகம் அவர்கள், பெண் மக்களால் சோதிக்கப்பட்டு அவர்களை நல்ல முறையில் நடத்துவோருக்கு அம்மக்கள் நரகத்தை விட்டும் தடுக்கும் திரையாவார்கள் என்று நற்செய்தி கூறினார்கள்.

சகோதரர்களே! அந்தத் தொழிலாளியின் அச்சம் நமக்குப் புரியாமலில்லை. காண்டிராக்ட் சம்பளம், நாளை வேலை உண்டோ இல்லையோ. மூன்று பெண்களுக்கு நகைக்கும் சீருக்கும் எங்கே போவார்? அவருடைய மௌனத்தில் பாதிப் பங்கு நம்முடையது. நிக்காஹ் மஜ்லிஸில் மஹரை வாயால் மட்டும் ஓதிவிட்டு, மறுபுறம் கைக்கூலி வாங்கும் வீடுகளில் வயிறார உண்டு வருகிறோமே! அதைக் கண்டிக்காத ஆலிமும், அதற்குச் சாட்சிக் கையெழுத்திடும் ஜமாஅத்தும் அந்த மௌனத்துக்குப் பொறுப்பில்லையா? பெண்ணைப் பெற்றவனுக்குக் "கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆணைப் பெற்றவனிடம் ஒன்றும் சொல்லாமல் விடுவது நீதியாகுமா?

கர்ப்பிணி உள்ள வீடுகளுக்கு

மருத்துவர் சொல்லும் காலத்தில் ஸ்கேன் பார்த்துக் கொள்ளுங்கள். ஐந்தாம் மாத ஸ்கேனைத் தவற விடாதீர்கள். பெண் மருத்துவர் கிடைக்கும் இடத்தை நாடுங்கள். கிடைக்காதபோது, தேவையின் அளவுக்கு ஆண் மருத்துவர் பார்ப்பதை ஷரீஅத் தடுக்கவில்லை. அழகு பார்ப்பதற்காக மட்டும் திரும்பத் திரும்பத் திரீடி எடுக்க வேண்டாம். அதில் கதிர் இல்லை என்றாலும், ஒலி தசையைச் சிறிதளவு சூடேற்றக் கூடியது. மருத்துவத் தேவையின்றி எடுப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வேண்டாமென்றே அறிவுறுத்துகிறது. பிறவாத பிள்ளையின் படத்தைப் போனில் ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். குறை தெரிந்தால் தாயைக் குற்றம் சாட்டாதீர்கள். பிளந்த உதடு, மேலண்ணம், வளைந்த பாதம், இதயக் குறை ஆகியவற்றுடன் பிறக்கும் குழந்தைகளுக்காக 2013 முதல் அரசின் ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய திட்டம் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். "என்ன குழந்தை?" என்று மருத்துவரின் முகத்தையும் வாசிக்க முயலாதீர்கள். நாம் செய்த தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம்.

அந்தச் சகோதரரை மறுநாளே வீடு தேடிச் சென்று பார்த்தோம். இங்கே எழுதியதையெல்லாம் அவரிடம் சொன்னோம். நம் மகளையும் உடன் அழைத்துப் போயிருந்தோம். அவர் அவளை அருகில் அழைத்து உட்கார வைத்து, அவளுடைய உதட்டையே வெகுநேரம் பார்த்துக் கொண்டிருந்தார். எதுவும் பேசவில்லை.

மாதங்கள் கழிந்தன. ஒரு நாள் ஃபஜ்ருக்குப் பின் அவரிடமிருந்து போன் வந்தது. "ஹஜ்ரத், புள்ள பொறந்திருக்கு. காதுல பாங்கு சொல்ல வரணும்" என்றார். ஆணா, பெண்ணா என்று நாம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒளூச் செய்து கொண்டு புறப்பட்டோம்.

யா அல்லாஹ்! கருவறையின் இருள்களில் எங்களை நீ விரும்பியவாறு உருவாக்கினாய். நீ தந்த பார்வையை அமானத்தாகப் பேணவும், நீ தரும் மக்களை ஆணாயினும் பெண்ணாயினும், நிறையோடாயினும் குறையோடாயினும், உன் அருட்கொடையாக ஏற்று வளர்க்கவும் எங்கள் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்தருள்வாயாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.